ஐந்நூறக்காவின் இரண்டாவது வாசிப்பு

ஐந்நூறக்காவுக்கு அந்தப் பட்டம் தீ விபத்து ஒத்திகை நடந்த அன்று ஒட்டிக்கொண்டது. மணி அடித்ததும் மருத்துவமனை முழுக்கப் படியிறங்கி வாசலில் கூடிவிட்டோம். ஆள் கணக்கு எடுத்தபோது ஒருவர் குறைந்தார். பாதுகாப்பு அதிகாரி மூச்சிரைக்க மேலே ஓடிப் பார்த்தால், அக்கா மைக்ராஸ்கோப்பில் கண்ணைப் பதித்தபடி உட்கார்ந்திருக்கிறார். "நானூத்தி அறுபது ஆச்சு, இன்னும் நாப்பதுதான், இருங்க" என்றாராம். நிஜமாகவே தீப்பிடித்திருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பார் என்று நாங்கள் எல்லோரும் நம்பினோம்.

நான் அப்போது அந்த ஆராய்ச்சியின் பதிவேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். யாருக்கு எந்தத் தேதியில் எந்த மருந்து, யார் என்ன எண்ணினார்கள் என்று அட்டவணை போடுவது என் வேலை. நோயாளியின் முகத்தைப் பார்க்க வேண்டிய அவசியமே கிடையாது. அது பெரிய சௌகரியம் என்று ஏழு வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆராய்ச்சி எங்கள் டாக்டரம்மாவுடையது. ரத்தப் புற்றுநோய்க்காரர்களைத் தவிர வேறு யாரையும் அவர் பார்ப்பதில்லை. நின்றுகொண்டே சாப்பிடுவார், நடந்துகொண்டே கையெழுத்துப் போடுவார். எலும்பு மஜ்ஜையில் பிறக்கும் வெள்ளைச் செல்கள் முதிராமலேயே பெருகிக்கொண்டு போவதுதான் அந்த நோய். முதிராத செல்லுக்குப் புத்தகத்தில் பிளாஸ்ட் என்று பெயர், எங்கள் ஆய்வகத்தில் பிஞ்சு. பிஞ்சுகளை ஒழிக்கக் கடும் மருந்து இருக்கிறது. ஆனால் அது ஆள் பார்த்து அடிப்பதில்லை. முடி கொட்டும், வாயெல்லாம் புண்ணாகும், சிலருக்கு மருந்தே எமனாகிவிடும். எல்லோருக்கும் இதைக் கடைசி வரை தர வேண்டுமா, முதல் பதினைந்து நாள் இதிலேயே நன்றாகத் தேறிவிட்டவர்களுக்கு அப்புறம் எளிய மருந்தே போதாதா என்பது டாக்டரம்மாவின் கேள்வி. இருபது வருடமாக அவர் மண்டைக்குள் குடைந்துகொண்டிருந்த கேள்வி அது.

பதினைந்தாம் நாள் மஜ்ஜை எடுத்து, கண்ணாடி ஸ்லைடில் தீற்றி, சாயம் ஏற்றி, ஐந்நூறு செல்களை எண்ண வேண்டும். அதில் பிஞ்சு இருபத்தைந்துக்குக் கீழே என்றால் எளிய மருந்து. இருபத்தைந்தோ அதற்கு மேலோ என்றால் கடும் மருந்து. ஓர் ஆளின் அடுத்த இரண்டரை வருடம் இந்த ஒற்றை எண்ணில் தொங்கியது. அதனால் ஒருவர் எண்ணினால் போதாது, இருவர் தனித்தனியாக எண்ண வேண்டும் என்று விதி. இருபத்தைந்து என்ற கோட்டுக்கு இருவரும் ஆளுக்கொரு பக்கம் நின்றால் டாக்டரம்மாவே மூன்றாவதாக உட்கார்ந்து எண்ணுவார்.

முதல் வாசகருக்கு மின்னல் என்று பெயர் வைத்திருந்தோம். அக்காவைவிடப் பத்து வயது சின்னவர். அக்காவுக்கு நாற்பது நிமிடம் பிடிக்கிற ஸ்லைடை அவர் பதினைந்து நிமிடத்தில் முடித்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். கெட்டவர் இல்லை. வேகத்தை யாராவது பாராட்டினால் மட்டும் குளிர்ந்துபோகிற மனிதர். நாங்களும் சும்மா இருக்காமல் பாராட்டிக்கொண்டே இருந்தோம்.

இரண்டாவது வாசகர் ஐந்நூறக்கா. இருவருக்கும் நடுவே ஒரு பலகைத் தடுப்பு இருந்தது. ஒருவர் எழுதும் தாளை மற்றவர் பார்த்துவிடக் கூடாது என்று டாக்டரம்மா ஆசாரியை வரவழைத்து அடிக்கச் சொன்னது. ஸ்லைடில் நோயாளியின் பெயர் இருக்காது, நான் ஒட்டிய எண் மட்டும்தான். காலையில் மின்னல் எண்ணுவார். அவர் தாளை உறையில் போட்டு ஒட்டி என்னிடம் தருவார். மதியத்துக்கு மேல் அதே ஸ்லைடை அக்கா எண்ணுவார். ஏறக்குறைய வாரத்துக்கு ஒன்று. மற்ற நேரமெல்லாம் இருவருக்கும் சாதாரண ரத்த ஸ்லைடுகள்.

ஏழு வருடத்தில் முந்நூற்று நாற்பத்தாறு ஸ்லைடுகள். மூன்றாவது வாசிப்பு தேவைப்பட்டது ஒன்பதே முறை. மின்னல் பதினெட்டு என்றால் அக்கா பத்தொன்பது. அவர் இருபத்திரண்டு என்றால் இவரும் இருபத்திரண்டு. இதை ஒரு படமாகப் போட்டுச் சுவரில் மாட்டி வைத்திருந்தேன். வெளியூர் டாக்டர்கள் வந்தால் அதன் முன்னால் நின்று நெஞ்சை நிமிர்த்திக்கொள்வேன். ஐந்நூறு செல்லை இரண்டு பேர் நேர்மையாக எண்ணினால் நாலைந்து முன்னே பின்னே வருவதுதான் இயல்பு என்பது பதிவேடு பார்க்கிறவனுக்கு முதல் மாதமே சொல்லிக்கொடுக்கிற பாடம். எனக்கும் சொல்லிக்கொடுத்தார்கள். பாராட்டு கிடைக்கும்போது பாடமா ஞாபகம் இருக்கும்?

ஏழாம் வருடக் கடைசியில் மைக்ராஸ்கோப்புகளைச் சுத்தம் செய்யக் கருவி பழுது பார்ப்பவர் ஒருவர் வந்தார். கைராசிக்காரர், வாயும் அதிகம். லென்ஸைத் துடைத்துவிட்டுப் போகாமல், மின்னலின் எண்ணும் பெட்டியையும் கழற்றிப் பார்த்தார். எட்டு விசைகள் உள்ள இரும்புப் பெட்டி அது. ஒவ்வொரு வகைச் செல்லுக்கும் ஒரு விசை, நூறு சேர்ந்தால் மணி அடிக்கும். மற்ற ஏழும் 'டிக்' என்னும். பிஞ்சுக்குரிய விசையில் மட்டும் சுருள்கம்பி தேய்ந்துபோய் 'தொக்' என்று ஒரு சத்தம். அவர் சுருள்கம்பியை மாற்றி, எண்ணெய் விட்டு, "வெண்ணெய் மாதிரி போகுது பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு எட்டும் 'டிக்'.

அடுத்த ஐந்து மாதத்தில் இருபத்துநாலு ஸ்லைடுகள். ஏழு முறை மூன்றாவது வாசிப்பு. டாக்டரம்மா எண்ணியது சில முறை மின்னல் பக்கம் விழுந்தது, சில முறை அக்கா பக்கம். என் அட்டவணையைப் புரட்டிப் பார்த்தேன். மின்னலின் எண்கள் பழைய மாதிரியேதான் இருந்தன. மாறியிருந்தவை அக்காவின் எண்கள். சராசரி எகிறியிருந்தது. அக்காவுக்கு வயது ஐம்பத்தேழு, ஓய்வுக்கு இன்னும் ஒரு வருடம். நான் போட்ட கணக்கு எவரும் போடுகிற கணக்குதான். டாக்டரம்மாவிடம் போய், "அக்காவுக்குக் கண்ணு கொஞ்சம்..." என்று இழுத்தேன்.

டாக்டரம்மா அக்காவைக் கூப்பிட்டார். "கோவிச்சுக்காதீங்க. கண்ணை ஒரு தடவை காட்டிட்டு வந்துடுங்களேன்."

"இதுல கோவிக்க என்ன இருக்கு? நாளைக்கே போறேன்" என்றார் அக்கா. ஆனால் வெளியே வந்ததும் என்னை ஒரு பார்வை பார்த்தார். அன்று முழுக்க எனக்கு அவர் டீ தரவில்லை.

கண் டாக்டர் எல்லாச் சோதனையும் செய்து, கண்ணில் ஒரு குறையும் இல்லை, வயதுக்கு இது அபூர்வம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். துணைக்குப் போயிருந்தவர் அக்காவின் கணவர். பஸ் டெப்போவில் மெக்கானிக். திரும்பும்போது இருவரும் நிறுத்தத்தில் நின்றிருக்கிறார்கள். வளைவுக்கு அந்தப் பக்கம் ஒரு பஸ் உறுமியிருக்கிறது. வண்டி கண்ணில் படுவதற்கு முன்பே கணவர், "எறநூத்தி பதிமூணு. கிளட்ச் இன்னும் சரியாகல" என்றாராம். வந்தது இருநூற்றுப் பதின்மூன்றேதான்.

"எப்படிங்க சொல்றீங்க? காதைத் தீட்டிக்கிட்டே இருப்பீங்களா?"

"நான் எங்க கேக்குறேன்? அதுவா காதுல விழுது. வேண்டாம்னாலும் விழுது."

அக்கா அந்தப் பஸ்ஸில் ஏறவில்லை. அடுத்ததிலும் ஏறவில்லை. கணவர் தலையில் அடித்துக்கொண்டு, கண்ணைக் காட்ட வந்த இடத்தில் மூளையைக் கழற்றி வைத்துவிட்டாயா என்று கேட்டிருக்கிறார். இதையெல்லாம் மறுநாள் காலை அக்காவே எனக்குச் சொன்னார். சொல்லிவிட்டு, "தம்பி, எனக்கு ஒரு உதவி பண்ணு. யார்கிட்டயும் மூச்சு விடாதே" என்றார்.

அன்று மின்னல் விடுப்பு. அவருடைய முக்காலியில் நான் உட்கார வேண்டும். பேனா மூடியால் மேசையைத் தட்ட வேண்டும், நடுநடுவே எனக்குத் தோன்றும்போது மட்டும் பழைய பிஸ்கட் டப்பாவின் மூடியைத் தட்ட வேண்டும். டப்பாவை எத்தனை தட்டினேன் என்று எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். தடுப்புக்கு அந்தப் பக்கம் அக்கா தன் பாட்டுக்கு வேறு ரத்த ஸ்லைடுகளை எண்ணிக்கொண்டிருப்பார். அரை மணி நேரம் பைத்தியக்காரன் போலத் தட்டிக்கொண்டிருந்தேன். எதற்கென்று எனக்குப் பாதி புரிந்தது, மீதி புரிய வேண்டாம் என்று இருந்தது.

"போதும்" என்றார் அக்கா. "பதினேழு."

என் தாளில் பதினேழுதான் இருந்தது. "எண்ணிக்கிட்டே இருந்தீங்களா?"

"இல்லடா. என் ஸ்லைடுலதான் இருந்தேன். நீ நிறுத்தினதும் வாயில வருது. அதான் பயமா இருக்கு."

பலகை அடித்துக் கண்ணை மறைத்தோம். காதைப் பற்றி ஒருவருக்கும் தோன்றவில்லை. ஏழு வருடமாக, ஆராய்ச்சி ஸ்லைடு வருகிற காலைகளில், மின்னலின் 'தொக்' ஒவ்வொன்றாக அக்காவுக்குள் போய் விழுந்திருக்கிறது. மதியம் அதே ஸ்லைடை எடுக்கும்போது அவர் யாரையும் ஏமாற்ற நினைக்கவில்லை. ஆனால் மஜ்ஜையில் சந்தேகச் செல்கள் எப்போதும் பத்துப் பதினைந்து இருக்கும். பிஞ்சு என்றும் சொல்லலாம், சாதாரணச் சின்னச் செல் என்றும் சொல்லலாம். அந்த இடத்தில் கை தானாக மின்னலின் எண்ணை நோக்கிச் சாய்ந்திருக்கிறது. அவர் சொன்னதையே இவரும் சொன்னால் இரண்டாவது வாசிப்பு என்று ஒன்று இல்லவே இல்லை. சத்தம் நின்ற பிறகுதான் அக்கா தன் கண்ணால் எண்ண ஆரம்பித்திருக்கிறார். அதைத்தான் நான் கண் கோளாறு என்று போட்டுக்கொடுத்தேன். இதை எழுதும்போது இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மறுநாள் மின்னலிடமும் சொன்னார். சொல்லாமல் அவர் தலைக்கு மேலே போக அக்காவுக்கு மனம் வரவில்லை. மின்னலின் முகம் வெளுத்துவிட்டது.

"அக்கா, மூணு வாரத்துல டாக்டரம்மா கட்டுரையை அனுப்பப் போறாங்க. ஏழு வருஷம். இப்ப போய் இதைக் கிளறுவீங்களா? கண்ணு மங்கிடுச்சுன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லிட்டா இந்த அஞ்சு மாசத்தோட போச்சு. ஒருத்தரும் ஒண்ணும் கேக்கமாட்டாங்க."

"கண்ணு மங்கலையேப்பா."

"உங்க பேரு கெட்டுடும்கா. அதைச் சொல்றேன்."

"என் பேரு இருக்கட்டும். தப்பான மருந்துல இப்ப யாராவது இருந்தா?"

மின்னல் எழுந்து டீ குடிக்கப் போய்விட்டார். எனக்கும் அன்று அக்கா மேல் கோபம்தான் வந்தது, மறைப்பானேன். சுவரில் மாட்டிய படம் என்னுடையது. இந்த மனுஷி காது கேட்கிறது என்பதற்காக எல்லோர் தலையிலும் கல்லைப் போடுகிறாரே என்று மனதுக்குள் வைதேன்.

டாக்டரம்மாவின் அறையில் அக்கா உட்காராமலேயே எல்லாவற்றையும் சொன்னார். பஸ், பிஸ்கட் டப்பா, பதினேழு எல்லாம். நின்றபடியே சாப்பிடுகிற டாக்டரம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பிறகு கேட்ட முதல் கேள்வி என்னிடம். "எளிய மருந்து இப்ப எத்தனை பேருக்கு ஓடிட்டிருக்கு?"

"தொண்ணூத்தெட்டு பேருக்கு."

"கட்டுரையை நிறுத்திடலாம். எல்லா ஸ்லைடையும் மறுபடி எண்ணணும். அந்தத் தொண்ணூத்தெட்டு மொதல்ல." அக்காவின் பக்கம் திரும்பினார். "நீங்க பேசாம இருந்திருக்கலாம். யாருக்கும் தெரிஞ்சிருக்காது."

"இருந்திருக்கலாம்" என்றார் அக்கா. "இருக்க முடியல."

மின்னலுக்கு இதில் இடம் இல்லை என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். வேறொரு மருத்துவமனையிலிருந்து புதிய வாசகர் ஒருவர் எண்ண ஒப்புக்கொண்டார். அங்கேயே, அவர்கள் கட்டடத்திலேயே. நான் எல்லா ஸ்லைடுகளிலும் பழைய எண்ணை மறைத்துப் புது எண் ஒட்டினேன். அக்காவுக்குக் குளிர்பெட்டிகள் வைத்திருந்த கிடங்கு அறையை ஒழித்துக் கொடுத்தார்கள். அவர் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு நாளைக்கு ஆறு ஸ்லைடு எண்ணினார். ஏழாவது வேண்டாம், ஏழாவதில் கண் பொய் சொல்லும் என்றார். பன்னிரண்டு வாரம் ஆயிற்று. மணி அடிக்கும் ஒவ்வொரு நூறுக்கும் எழுந்து நின்று முதுகை நிமிர்த்துவார், மறுபடி உட்காருவார். ஒரு நாள் டீ கொண்டுபோனபோது அவர் கண்ணோரம் மைக்ராஸ்கோப்பின் வட்டம் பதிந்து சிவந்திருந்தது. எனக்கு டீ தராத அவருடைய கோபமெல்லாம் எப்போதோ போயிருந்தது, நான்தான் அவருக்கு டீ கொண்டுபோய்க்கொண்டிருந்தேன்.

உறைகளைப் பிரித்தபோது வெளி வாசகரும் அக்காவும் நாலைந்து முன்னே பின்னே இருந்தார்கள், நேர்மையாக எண்ணுகிற இருவர் இருக்க வேண்டியபடி. இருவருமே மின்னலைவிடப் பல ஸ்லைடுகளில் மேலே இருந்தார்கள். ஏன் என்று மின்னலே வந்து சொன்னார். மஜ்ஜையைக் கண்ணாடியில் தீற்றும்போது பெரிய செல்கள் ஓரத்துக்கு இழுபட்டுவிடும், பிஞ்சுகள் பெரிய செல்கள். அதனால் நடுவிலும் ஓரத்திலுமாக வளைந்து வளைந்து போய் எண்ண வேண்டும். அவர் வேகத்துக்காக நடுவிலேயே நேர்கோடாக ஓட்டியிருக்கிறார். "தெரியும்கா. தெரிஞ்சேதான் பண்ணினேன். நீங்க எப்பவும் என் நம்பரையே போட்டீங்களா, அப்ப நான் சரியாத்தான் பண்றேன்னு நெனச்சுக்கிட்டேன்" என்று சொல்லி அழுதார்.

அவரை ஏசத்தான் நான் வாயைத் திறந்தேன். அக்கா தடுத்தார். "விடு. ஒருத்தர் தப்பு பண்ணுவாங்கன்னுதானே இரண்டாவது ஆளை வெக்கிறாங்க? அந்த இரண்டாவது ஆளு நான்தானே?"

பத்தொன்பது பேர் கோட்டின் தப்பான பக்கத்தில் நின்றிருந்தார்கள். கடும் மருந்து வேண்டியவர்களுக்கு எளிய மருந்து போயிருந்தது. அவர்களில் ஏழு பேருக்கு நோய் ஏற்கெனவே திரும்பியிருந்தது. அந்த ஏழில் ஐந்து பேர் இறந்திருந்தார்கள். அன்றே கடும் மருந்து கொடுத்திருந்தால் பிழைத்திருப்பார்களா என்று எவராலும் சொல்ல முடியாது, கடும் மருந்திலும் ஆட்கள் போயிருக்கிறார்கள். இதை டாக்டரம்மா இரண்டு முறை சொன்னார். அக்கா இரண்டு முறையும் கேட்டுக்கொண்டார்.

மீதிப் பன்னிரண்டு பேர் அந்தத் தொண்ணூற்றெட்டுக்குள் இருந்தார்கள், இன்னும் எளிய மருந்திலேயே. எல்லோரையும் கூப்பிட்டோம். விஷயத்தைச் சொல்ல வேண்டியவர் டாக்டரம்மா. அக்கா வர வேண்டிய கட்டாயமே இல்லை, முப்பது வருடத்தில் அவர் நோயாளிகளின் முகத்தைப் பார்த்ததும் என்னைப் போலவே குறைவு. ஆனால் மூன்று நாளும் அந்த அறையில் டாக்டரம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். சிலர் அழுதார்கள். ஒருவர் வாய்க்கு வந்தபடி திட்டினார். கடைசியாக வந்தவர் ஒரு தையல்காரப் பெண், இருபத்தெட்டு வயது, முடி இப்போதுதான் காது வரை வளர்ந்திருந்தது.

"அப்ப எத்தனை எழுதினீங்க, இப்ப எத்தனை?" என்று அக்காவையே கேட்டார்.

"அப்ப இருபத்திரண்டு. இப்ப முப்பத்தொண்ணு."

"ஒம்பது. ஒம்பது செல்லுக்காக எனக்கு மறுபடி மொதல்லேர்ந்தா?"

"ஆமாம்மா."

அந்தப் பெண் தன் விரல்களைப் பார்த்தார். "கோவம் இல்லக்கா. ஆனா நான் அளவு தப்பா எடுத்துத் துணியைக் கெடுத்துட்டா, எவ்வளவு மன்னிப்பு கேட்டாலும் அடுத்த துணியை என்கிட்ட தரமாட்டாங்க. துணி அவங்களோடது. இனிமே என் ஸ்லைடை வேற யாராவது எண்ணட்டும்."

"வேற ஆளையே எண்ணச் சொல்றேன்" என்றார் அக்கா. குரல் கொஞ்சம்கூட மாறவில்லை. தையல்காரப் பெண் அடுத்த வாரமே கடும் மருந்துக்குச் சேர்ந்தார். பன்னிரண்டு பேரும் சேர்ந்தார்கள்.

இத்துடன் முடிந்தது என்று நான் கோப்பைக் கட்டினேன். அக்கா என் மேசைக்கு வந்து நின்றார்.

"அந்த அஞ்சு வீட்டு முகவரி எழுதிக் கொடு."

"அவங்களுக்குக் கடிதம் போகும்கா. டாக்டரம்மா கையெழுத்தோட."

"கடிதத்தைப் படிச்சுட்டு யாருக்காவது ஏதாவது கேக்கணும்னா? கடிதமா பதில் சொல்லும்?"

விதிப்படி நான் கொடுக்கக் கூடாது. டாக்டரம்மாவிடம் போய் நின்றேன், விதியை அவர் சொல்லட்டும் என்று. அவர் யோசித்தார். "அவங்க வீட்டுல மொதல்ல போன்ல சம்மதம் கேளு. யார் சரின்னு சொல்றாங்களோ அந்த வீட்டுக்கு மட்டும். நீயும் கூடப் போ" என்றார். ஐந்தில் மூன்று வீடு வேண்டாம் என்றது. இரண்டு வீடு வரச் சொன்னது.

முதல் வீடு ஒரு தபால்காரருடையது. சைக்கிள் கடைக்கு மேலே இரண்டாம் மாடி. இறந்தது அவர் மனைவி, போன வருடம். ஞாயிற்றுக்கிழமை காலை நாங்கள் போனபோது அவர் தனியாகத் தன் சட்டைகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். எங்களைச் சமையலறையில் இருந்த இரண்டு நாற்காலிகளில் உட்காரச் சொல்லிவிட்டு அவர் நின்றுகொண்டார். அக்கா தான் யார் என்று சொன்னார். எப்படி எண்ணினேன், எப்படித் தப்பாயிற்று, எப்போது தெரிந்தது, எல்லாம் சொன்னார். பூசி மெழுகவில்லை. காது என்று சொல்லித் தப்பிக்கப் பார்க்கவும் இல்லை.

தபால்காரர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அந்த நம்பர் நீங்க எண்ணுனதா?" என்றார்.

"ஆமாங்க."

"பதினஞ்சாம் நாள் டாக்டரம்மா வந்து இருபத்திமூணுன்னு சொன்னாங்க. இருபத்தஞ்சுக்குக் கீழ வரணும், வரணும்னு அதுவரைக்கும் ராத்திரி பகலா அதே பேச்சு. சொன்னதும் இவ கட்டில்லயே எழுந்து உட்கார்ந்துட்டா. வீட்டுக்கு வந்ததும் மொத வேலையா இதை எழுதினா."

சமையலறை அலமாரியின் கதவைத் திறந்து காட்டினார். உள்பக்கம், டப்பாக்களுக்கு மேலே, பென்சிலால் 23 என்று எழுதி அதைச் சுற்றி இரண்டு வட்டம் போட்டிருந்தது. அக்கா அதைப் பார்த்தார். மூன்று நாள் பன்னிரண்டு பேர் முன்னால் அசையாமல் உட்கார்ந்திருந்தவர், அங்கே அழுதுவிட்டார். சத்தம் போட்டே அழுதார். நான் என்ன செய்வதென்று தெரியாமல் இஸ்திரிப் பெட்டியின் சுவிட்சை அணைத்தேன்.

தபால்காரர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். அக்கா குடிக்கும் வரை காத்திருந்தார். பிறகு கேட்டார்.

"சரியான நம்பர் என்ன?"

"முப்பத்திநாலு."

அவர் தலையாட்டினார். அலமாரிக் கதவை மெதுவாகச் சாத்தினார்.

"எனக்குச் சொல்லிட்டீங்க, அது போதும். அவளுக்கு அது இருபத்திமூணாவே இருக்கட்டும்" என்றார்.